மோரிப் முகாமுக்குப் போன கார்

கிரிகரி பயந்த சுபாவம். செந்தூல் ரயில்வே பட்டறையின் சாமான் கிடங்கில் அவன் எழுத்தர். மாலையில் கிடங்கைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பான். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். கேட் வரைக்கும் போனவன் மறுபடியும் வருவான். கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், ஆனால் பூட்டை இழுத்துப் பார்ப்பதை விடமாட்டான்.

அவனுடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறித் தண்டவாளம் போட வந்தவர். கிரிகரி பிறந்தது செந்தூல் லைன் வீட்டில். கெர்ட்ரூட்டைக் கல்யாணம் செய்த பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தான். 1937இல் அவர்களுக்கு முதல் பிரசவம். மாலை நாலு மணிக்குக் கெர்ட்ரூட்டுக்கு வலி எடுத்தபோது வெளியே பேய்மழை. பிரசவம் பார்க்கும் டோரிஸ் இருந்தது செந்தூலில். கிரிகரி ரிக்‌ஷா தேடித் தெருத்தெருவாக ஓடினான். ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஒருவனும் வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் நடந்தே செந்தூலுக்குப் போய் டோரிஸைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை. ஒரு தரம்கூட அழவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவன் கார் வாங்கினான். ஒரு பல் டாக்டர் ஓட்டிக் கழித்த பேபி ஆஸ்டின். நாலு பேர் உட்கார்ந்தால் முட்டி முகவாயில் இடிக்கும். ரயில்வே எழுத்தனுக்குக் கார் எதற்கு என்று தெருவே பேசியது. கிரிகரி அதை ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போக மட்டும் எடுப்பான். மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். தினமும் காலையில் ஒரு தடவை இஞ்சினை உறும விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போவான்.

1939 தொடக்கத்தில் பட்டறைத் துரை மூன்று எழுத்தர்களைக் கூப்பிட்டு, வேலை நேரம் போகப் பட்டாளப் பயிற்சி எடுக்கும் தொண்டர் படையில் சேருவதற்கான காகிதத்தை நீட்டினார். மற்ற இருவருக்கும் உடுப்பு ஆசை. கிரிகரி, மாட்டேன் என்று சொல்லப் பயந்து கையெழுத்துப் போட்டான். வாரம் இரண்டு மாலை அணிவகுப்பு, அதைச் சமாளித்துவிட்டான். ஆகஸ்டில் உத்தரவு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மோரிப் கடற்கரையில் பதினைந்து நாள் பயிற்சி முகாம். கிள்ளான் தாண்டி, பந்திங் தாண்டி, கடலோரம். கெர்ட்ரூட் அப்போது எட்டாம் மாதம்.

உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம், பொறுப்பு அவர்களுடையது.

கிரிகரி அந்த வரியைப் பத்துத் தடவை படித்தான்.

"எடுத்துட்டுப் போறேன். அங்கேருந்து ரெண்டு மணி நேரத்துல வந்துடலாம். நீ தந்தி அடிச்சா உடனே கிளம்பிடுவேன்."

கெர்ட்ரூட் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"வலி எனக்குத்தானே வரும்? கார் எங்கிட்டல்ல இருக்கணும்?"

"நீ ஓட்டுவியா?"

"பக்கத்து வீட்டு வாசு அண்ணே ஓட்டுவாரு. டோரிஸைக் கூட்டிட்டு வர அரை மணி நேரம் போதும்."

வாசு ஐஸ் கம்பெனி லோரி ஓட்டுபவன். நல்லவன்தான். ஆனால் பகல் முழுக்க லோரியில் இருப்பான், மாலையானால் கள்ளுக்கடை. போன வருஷம் பாசார் பக்கம் ஒரு மாட்டு வண்டியை இடித்துத் தள்ளியிருக்கிறான்.

"வாசு கையில எப்படிக் கொடுக்கறது? அவன் எங்க இருப்பான்னு அவனுக்கே தெரியாது."

"அப்ப கார மிலிட்டரிக்காரன் கையில கொடுக்கப் போறீங்களா? சண்டை வருது, சண்டை வருதுன்னு ஊரே சொல்லுது. உள்ள போன வண்டிய வெளிய விடுவானா?"

அவனும் அதை நினைக்காமல் இல்லை. காரை விட்டுப் போனால் வாசு கிடைக்காமல் போவான். கொண்டு போனால் பட்டாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு பயமும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாலு நாள் அவனைச் சாப்பிட விடவில்லை. கடைசியில் எது வென்றது என்றால், தான் பக்கத்தில் இல்லாமல் இன்னொரு தடவை அது நடந்துவிடுமோ என்ற பயம்தான். சனிக்கிழமை காலை மூட்டையைப் பின் சீட்டில் போட்டான். கெர்ட்ரூட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போயிட்டு வாங்க என்றுகூட அவள் சொல்லவில்லை.

மோரிப்பில் சவுக்கு மரங்களுக்கு அடியில் ஏழெட்டுக் கார்கள் நின்றன. பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையவை. தமிழர்களில் கார் கொண்டுவந்தவன் அவன் ஒருவன்தான். இறங்கியதும் ஒரு சிப்பாய் வந்து சாவியைக் கேட்டான். எல்லாச் சாவியும் காவல் கூடாரத்துப் பெட்டியில் இருக்குமாம். அனுமதிச் சீட்டு இருந்தால்தான் திரும்பக் கிடைக்குமாம். கிரிகரி சாவியைக் கொடுத்தான். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தான். வந்த வழியில் அதற்குள் காவலுக்கு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

அவனுடைய கூடாரத்துக்குப் பொறுப்பு கார்ப்பரல் இராமலிங்கம். கிள்ளானில் பொதுப்பணி இலாகாவில் மேஸ்திரி. நாலு முகாம் பார்த்தவர். முதல் நாளே கேட்டார்.

"ஏன் தம்பி, காரா கொண்டாந்திருக்க? ஷோக்கா?"

"சம்சாரம் மாசமா இருக்கு, அண்ணே. மொதப் பிள்ள தங்கல."

"அப்ப வீட்டுல விட்டுட்டு வந்திருக்கணும் லா," என்றார் இராமலிங்கம்.

அந்த ஒரு வார்த்தை கிரிகரிக்குள் முள்ளாகத் தைத்தது. துப்பாக்கியைத் தூக்கும்போதும், மணலில் தவழும்போதும், சுடும் பயிற்சியில் தோள் அதிரும்போதும் அதுதான் காதில் விழுந்தது. மாலையில் மற்றவர்கள் கடலில் குளிக்கப் போவார்கள். அவன் சவுக்கு மரத்தடிக்குப் போய், கண்ணாடியில் படிந்த உப்பை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான். சாவி இல்லாத கார். கதவைத் திறந்து உட்காரலாம், அவ்வளவுதான். ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸ் வாசல் ஞாபகம் வந்தது. அந்த வாசல் இப்போது காலியாகக் கிடக்கும். அவள் இந்த நேரத்தில் வலியில் எழுந்து வெளியே வந்து பார்த்தால்?

வியாழக்கிழமை ஒரு சார்ஜென்ட் நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஒவ்வொரு காரின் இஞ்சின் எண்ணையும் எழுதிக்கொண்டு போனார். எதற்கு என்று கிரிகரி இராமலிங்கத்திடம் கேட்டான்.

"சும்மா கணக்குக்குத்தான்," என்றார் அவர். ஆனால் கிரிகரியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதிகாரிகளின் கூடாரத்து ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கிரிகரி பின்னால் நின்றான். இங்கிலாந்து ஜெர்மனியின் மேல் சண்டை அறிவித்துவிட்டது. யாரோ கை தட்டினார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். கடல் மட்டும் இரைந்தது. சற்று நேரத்தில் முகாம் கேப்டன் வந்து படித்தார். மறு உத்தரவு வரும்வரை விடுப்பு எதுவும் கிடையாது. முகாமுக்குள் இருக்கும் எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது.

மற்றவர்கள் ஹிட்லரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிரிகரி தன் கட்டிலில் போய் உட்கார்ந்தான். சண்டை எங்கோ இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு அவனுக்கு நாற்பது மைல். ஆனால் இப்போது அது சண்டையைவிடத் தூரமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தந்தி வந்தது. அணிவகுப்பு மைதானத்திலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். 'கெர்ட்ரூட்டுக்கு வலி. உடனே வரவும். டோரிஸ்.'

அவன் துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டான். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று எதுவும் தோன்றவில்லை. இராமலிங்கம்தான் அவன் கையைப் பிடித்து கேப்டனின் கூடாரத்துக்கு இழுத்துப் போனார். கிரிகரிக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அன்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இராமலிங்கம் தந்தியை மேஜைமேல் வைத்துத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "இவன் முதல் பிள்ளை செத்துப் போச்சு, ஐயா. இது இரண்டாவது."

கேப்டன் தந்தியைப் படித்தார். கிரிகரியைப் பார்த்தார்.

"இருபத்துநாலு மணி நேரம். நீ போகலாம்."

கிரிகரி சாவிக்காகக் கையை நீட்டினான்.

"கார் போகாது," என்றார் கேப்டன்.

அதைக் கேட்டபோது அவனுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. ஆளை விட்டுவிட்டார்கள், காரைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்காக அவளிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டு வந்தானோ, அது இங்கே சவுக்கு மரத்தடியில் நிற்கப் போகிறது. அவன் நடக்கப் போகிறான். வெளியே வந்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரி தம்பி, பஸ் போயிடும்," என்று இராமலிங்கம் உலுக்கினார்.

பந்திங் பஸ் பதினொன்றரைக்கு வந்தது. ஒவ்வொரு கம்பத்திலும், ஊருக்கு ஊர் நின்றது. ஒருத்தி கோழிக்கூடை ஏற்றினாள், ஒருவன் சைக்கிளை மேலே கட்டினான். கட்டி முடிக்கும்வரை டிரைவர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நின்றார். கிரிகரி வாயில் விரல் நகத்தை வைத்துக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். ரப்பர் மரங்கள் நகரவே மாட்டேன் என்றன. தந்தி எத்தனை மணிக்குக் கொடுத்தது? காலை எட்டு என்று போட்டிருந்தது. அப்படியானால் வலி எப்போது எடுத்தது? டோரிஸை யார் போய்க் கூப்பிட்டார்கள்? யார் நடந்தார்கள்? போன தடவை மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கெர்ட்ரூட் இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. கிள்ளான் ரயிலில் ஏறி நின்றபோது எதிரே ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நாலரை மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு ஓடிவந்தான். கதவில் பூட்டு தொங்கியது.

அவன் பூட்டை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். ஜன்னலைத் தட்டி, "கெர்ட்ரூட்! கெர்ட்ரூட்!" என்று கத்தினான். உள்ளே எதுவும் அசையவில்லை. பிள்ளை போய், அவளும் போய், எல்லாரும் கோவிலுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள் என்றே அவன் முடிவு கட்டிவிட்டான்.

சத்தம் கேட்டு வாசுவின் மனைவி மாரியாயி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"என்னண்ணே இப்படிக் கத்துறீங்க? அக்கா இங்க இல்ல. செந்தூல்ல டோரிஸ் அக்கா வீட்டுல இருக்காங்க. போயி நாலு நாளாச்சே!"

"நாலு நாளா?"

"ஆமா. வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரருதான் லோரில கொண்டு போய் விட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. வந்த வழியே ஸ்டேஷனுக்கு ஓடினான்.

டோரிஸ் வீட்டுப் படியில் ஏறும்போது குழந்தை அழும் சத்தம் கேட்டது. கிரிகரி அங்கேயே நின்றுவிட்டான். உள்ளே போகப் பயமாக இருந்தது. அது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருந்தால்? டோரிஸ் வெளியே தண்ணீர் ஊற்ற வந்தவள் அவனைப் பார்த்தாள்.

"ஏன் வெளிய நிக்கறீங்க? பொம்பளப்புள்ள. பன்னெண்டு மணிக்குப் பொறந்துச்சு. தாயும் சுகம்."

கெர்ட்ரூட் கண் மூடிப் படுத்திருந்தாள். முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு சிவந்த முகம். அவன் கட்டில் காலடியில் உடுப்போடு உட்கார்ந்தான்.

"எதுல வந்தீங்க?" என்று அவள் கேட்டாள், கண்ணைத் திறக்காமல்.

"பஸ்ல. அப்புறம் ரயில்ல."

"கார்?"

"விட மாட்டேன்னுட்டான்."

அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு சொன்னாள். "நீங்க போனதுக்கப்புறம் அஞ்சு நாள் எனக்குத் தூக்கமே இல்ல. ஒவ்வொரு தடவ வயிறு இறுகும்போதும் வாசலப் போய்ப் பாப்பேன். தார்ப்பாய் மட்டும் கெடக்கும். உங்க மேல அவ்வளவு ஆத்திரம். உக்காந்து அழுதா என்ன ஆகும்? வியாழக்கிழமை வாசு அண்ணன் லோரியில ஏறிட்டேன். ஐஸ் கட்டி மேல பெட்டிய வெச்சுக்கிட்டு வந்தேன்."

"எனக்கு எழுதியிருக்கலாமே."

"எதுக்கு? நீங்க பயந்துடுவீங்க."

அவன் கட்டில் விளிம்பில் முகத்தை வைத்து அழுதான். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

மறுநாள் நேரத்துக்கு அவன் முகாமுக்குத் திரும்பினான். சனிக்கிழமை முகாம் கலைந்தபோது சாவியைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு காகிதம். வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், விற்பதானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், தேவைப்பட்டால் எந்த நேரமும் அழைக்கப்படும். இராமலிங்கத்தைக் கிள்ளானில் இறக்கிவிட்டு, அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வந்தான். அதற்குப் பிறகு தெருவில் காக்கி உடுப்பு எது போனாலும் வாசலுக்கு வந்து பார்ப்பான்.

அந்த டிசம்பரில் ஒரு காலை கெர்ட்ரூட் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காரண்டை வந்தாள். "குழந்தைய நீங்க வெச்சுக்குங்க," என்றாள். டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்றே?"

"எந்த மிதிய முதல்ல அமுக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில், இடது பக்கத்து மிதியைக் காட்டினான். கார் ஒரு தவளைபோல் இரண்டு தரம் எகிறி நின்றது. மூன்றாவது தரம் ஓடியது. மாட்டு வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் எதிரே வந்தன. மாரியாயி குடத்தோடு ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளந்து நின்றாள். பக்கத்து சீட்டில் கிரிகரி மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அருள்நிறை மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தான். செந்தூல் போய்ச் சேரும்வரை அவன் நிறுத்தவில்லை.