அந்த டர்போவை மாட்டியவர் என் அண்ணன் இல்லை

எங்கள் அண்ணன் தக்கலைக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா காலமானபோது எட்டாம் வகுப்பில் இருந்தார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறி, லாரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் டீசல் வாளி கழுவும் வேலையில் சேர்ந்தார். பிறகு கரமனையில் தகரம் வேய்ந்த சொந்த ஷெட் போட்டார். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததும், என்னை மணம் முடித்துக் கொடுத்ததும் அந்த ஷெட் வருமானத்தில்தான். இதெல்லாம் உறவினர்களான உங்களுக்குத் தெரியும். தெரிந்தும்தான் பத்து வருடமாக அவரைப் பற்றி அப்படிப் பேசினீர்கள்.

பொன்முடி வேன் விஷயத்தைச் சொல்கிறேன். அண்ணனின் முதலாண்டு நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள், பின்பக்கம் உள்ள குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

என் கணவர் அப்போது பொன்முடி மலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் டர்போ டீசல் வேன் ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பானூர் ஸ்டாண்டில் நிற்கும் இன்னொருவர் வேன் இவருடையதை மலையில் முந்திவிட்டதாம். அந்த மாபெரும் அவமானத்தைத் துடைக்க, பழைய இரும்புக் கடையிலிருந்து, எஞ்சினுக்குள் இன்னும் கூடுதலாகக் காற்றைத் தள்ளும் பெரிய லாரி டர்போ ஒன்றை வாங்கிக்கொண்டு அண்ணனிடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"மாப்பிள, காத்து கூடினா டீசல் கூடணும், கேட்டியளா. டீசல் கூடினா சூடு கூடும். ஹெட் போல்ட்டு மாத்தணும், கேஸ்கட்டு கெட்டியா போடணும். டர்போவுல இருந்து வாற காத்தத் தணிக்க இன்டர்கூலர் வேணும். சைலன்சர் பைப் பெருசாக்கணும். இந்த ரேடியேட்டரும் கிளட்சும் தாங்காது."

"டர்போவ மட்டும் போட்டுத் தாங்க மச்சான். மத்தது பொறவு பாக்கலாம்."

"மத்ததுதான் மொதல்ல மாப்பிள. டர்போ கடைசி."

என் கணவருக்கு அது புரியவில்லை. புரியாததை அவர் எப்போதும் அடுத்தவர் பொறாமை என்றே எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "உங்க அண்ணனுக்கு நான் நல்லா வாறது பிடிக்கல்ல, அல்லே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஷெட்டின் இன்னொரு சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். வேன் கழுவ வேண்டும் என்று என் கணவர் கேட்டார். கொடுத்தேன். மாலையில் ஷெட்டுக்குக் காப்பி கொண்டுபோனபோது, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த அவருடைய கூட்டாளி ஒருவன் வேனுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். லாரி டர்போ வேனில் உட்கார்ந்திருந்தது. டீசல் பம்பின் திருகைக் கண்ணை மூடிக்கொண்டு திருகிவைத்திருந்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. நான் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே சித்தப்பா மகள் கல்யாணம். மறுநாள் பெண் மாப்பிள்ளையோடு பொன்முடிக்குப் போகலாம் என்று நீங்கள் எல்லாரும்தான் அந்த வேனில் கிளம்பினீர்கள். நெடுமங்காடு தாண்டும்வரை வேன் பறந்தது. "மச்சான் போட்ட டர்போ, பாத்தியளா" என்று என் கணவர் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சொன்னார். அவர் பேச்சை யாராவது நம்ப வேண்டுமானால் அண்ணன் பெயரைச் சேர்த்தால்தான் நடக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் சூடு தாங்காமல் எஞ்சின் கேஸ்கட் போனது. வெள்ளைப் புகை வந்தது, தண்ணீர் கொதித்துச் சிதறியது, எஞ்சின் இறுகி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் பட்டுப்புடவையோடும் புளிசாத வாளியோடும் மலையிறங்கி நடந்ததை இன்றைக்கும் ஒரு வனவாசம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

மறுநாள் வேனைக் கட்டியிழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது, வேலை இல்லாதவர்கள் எல்லாரும் கூடவே வந்தீர்கள். அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் கையால் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் பெயின்ட்டால் சின்னக் கோடு ஒன்று இழுப்பார். கோடு இல்லாமல் ஒரு வண்டியும் அந்த ஷெட்டைத் தாண்டியதில்லை. அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். டர்போவைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டிலும் கோடு இல்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் வண்டி கொடுத்தவர்கள். ஒருவராவது குனிந்து பார்த்தீர்களா? ஒரு வண்டியைச் சுற்றி அத்தனை குருடர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சித்தப்பா சொன்னார்: "குடும்பத்தோட கொல்லப் பாத்தியேடே."

அண்ணன் பானெட்டை மூடினார். என் இடுப்பில் ஷெட் சாவியோடு தொங்கிய கொத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என் ஷெட்டுல நடந்த வேலதான் சித்தப்பா. என் தப்புதான்" என்றார்.

கோடு இல்லை என்று சொல்லியிருந்தால், ஷெட்டைத் திறந்தது யார் என்ற கேள்வி வந்திருக்கும். அது வரக்கூடாது என்று அவர் தன் பெயரைக் கொடுத்தார். கிழக்கேகோட்டை வேன்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். லாரி எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கை, அதன்பிறகு பெரும்பாலும் ஆட்டோவுக்கு ஆயில் மாற்றியது. ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் "டர்போ வாறாரு" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தபடி இலைமுன் உட்கார்ந்தார்.

உங்களை இவ்வளவு திட்டுகிறேனே, நீங்களாவது உண்மை தெரியாமல் பேசினீர்கள். எனக்குத் தெரியும். பத்து வருடம் அதே பந்தியில் வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்தவள் நான். என்னைவிடக் கேவலமானவர் உங்களில் யாரும் இல்லை.

போன வருடம் மருத்துவமனையில் அண்ணன் கிடந்த நான்கு நாளும் பக்கத்திலேயே இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒருமுறை வாயெடுத்தேன். "சாயா குடிச்சியா? போய்க் குடிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். "இனி இதச் சொல்லி என்ன கிடைக்கப் போவுது?" என்றார். அதற்குப் பிறகும் இந்தக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. கடைசிவரை அண்ணனின் கையைப் பிடித்திருந்த அண்ணிக்கு நன்றி. நெஞ்சுவலி வந்தபோது ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோன பக்கத்து டயர்க் கடைக்காரருக்கு நன்றி. யார் என்ன சொன்னாலும் வண்டியை வேறெங்கும் விடாத இரண்டு லாரிக்காரர்களுக்கும் நன்றி. உறவினர்கள் வந்திருந்தீர்கள், சாப்பிட்டீர்கள்.

வேனைக் கட்டியிழுத்து வந்த அன்றைக்கே அண்ணன் ஷெட்டுக்குப் பூட்டை மாற்றிவிடுவார், இல்லாவிட்டால் சாவியையாவது திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போன மாதம் ஷெட்டைக் காலி செய்யப் போனபோது, என் இடுப்பிலிருந்த அதே சாவியைத்தான் போட்டேன். பூட்டு திறந்தது.