ஸ்டோரில் காய்ந்த மிருதங்கம்

வேலை முடிந்த அலுப்பில் பஸ்ஸில் கண்ணை மூடியிருந்தேன். பக்கத்து மூட்டையிலிருந்து ஏலக்காய் மணந்தது. சிறுவயதில் நாங்கள் இருந்த கேரள ஏலமலை ஊரான சக்குபள்ளத்து மழைக்காலம் நினைவுக்கு வந்தது.

இசைப்பள்ளி மிருதங்கத்தைப் பயிற்சிக்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஈரத்தில் கெட்டுவிடக் கூடாதென்று அப்பா அதை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைத்தார். காலையில் பார்த்தால், சூட்டில் தோல் கிழிந்திருந்தது.

மிருதங்க வாத்தியார் முன்னால் அப்பா கைகட்டி நின்றார்.

"எந்தோலை வேணா உரிச்சுக்கோங்க மாஷே. பயலை மட்டும் நிறுத்திராதீங்க. எங்க வீட்டுல படிக்கப்போன மொத ஆளு."

வாத்தியார் சிரித்துவிட்டார். "உம்ம தோலு சுருதி சேராது அண்ணாச்சி. வேற தோலு போடுறவரைக்கும் பயல் தொடையில தட்டிப் படிக்கட்டும்."

திரும்பும் வழியில் ஓய்ந்துபோய்ப் பாறையில் உட்கார்ந்த அப்பா, என் கையைப் பிடித்துத் தன் தொடைமேல் வைத்தார்.

"தட்டுலே, கேப்போம்" என்றார்.