இருபத்து நாலாவது குழி

மங்கையர்க்கரசி எம்.ஏ. முடித்ததைத் தெருவே பெருமையாகச் சொல்லும். பெரிய காஞ்சிபுரத்தில் அந்த நெசவாளர் தெருவிலிருந்து சென்னைக்குப் போய்ப் படித்த முதல் பெண் அவள். ஆனால் அவளிடம் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "ஆமா, முடிச்சேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். ஏன் அப்படி என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் நான்கைந்து பேர்தான்.

அவள் அப்பா கைலாசம் குழித்தறியில் பட்டு நெய்கிறவர். வீட்டின் பின்கட்டில் தறி, மிதிக்கும் கால்களுக்குத் தரையில் ஒரு குழி. அதன் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கிழைக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டேதான் மங்கை பாடம் படித்தாள். அவள் அம்மா தில்லையம்மாள், "படிச்சி என்னாத்த கிழிக்கப் போற" என்று கேட்டுக்கொண்டே விடுதிக்குப் போகும்போது முறுக்கு சுட்டுக் கொடுப்பாள். மங்கை சேர்ந்தது சமூகப் பணிப் படிப்பு. கடைசிப் பருவத்தில் மூன்று மாதம் வெளியே போய், ஏதாவது ஒரு திட்டத்தைப் பொறுப்பேற்று, குறித்த தேதிக்குள் நடத்தி முடித்து, அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் பட்டம் இல்லை.

அது எழுபத்திரண்டாம் வருஷம். அவள் தெருவிலேயே அப்படி ஒரு திட்டம் இருந்தது. தெரு தாழ்வானது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக் கால்வாய் பொங்கினால் வீட்டுக்குள் வருகிற தண்ணீர் முதலில் இறங்குவது தறிக்குழியில்தான். அதனால் நெசவாளர் சங்கம் மேட்டில் ஒரு தறிக்கூடம் கட்டியிருந்தது. செங்கல் பதித்த இருபத்து நாலு குழிகள். தெருவில் இருக்கும் இருபத்து நாலு தறிகளையும் மழைக்கு முன் கூடத்துக்கு மாற்றிவிட வேண்டும். சங்கச் செயலாளர் சபாபதி அதை மங்கையின் கையில் கொடுத்தார்.

"நம்ம தெருப் பொண்ணு. எவன் வீட்டுல எந்தக் கட்டை உளுத்துப் போச்சின்னு உனக்குத்தான் தெரியும். அக்டோபர் முப்பத்தொண்ணுக்கு மேல ஒரு நாள் தாண்டக்கூடாது. அன்னிக்கி கைத்தறி அதிகாரி வந்து எண்ணிப் பாப்பாரு. குழி காலியா இருந்துச்சின்னா அடுத்த தெருக்காரனுக்குப் போயிடும். தறி இருக்கறவனுக்குத்தான் குழி. விதி அப்படி."

மங்கை முதல் வாரம் ஒரு வேலையும் ஆரம்பிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நீளவாக்கு இழைகளான பாவு ஏறிய தறியைப் பிரிக்க முடியாது. நெய்துகொண்டிருக்கும் புடவை முடிந்து, பாவு அறுத்த பிறகுதான் தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றலாம். ஆகவே யார் பாவு என்றைக்கு முடியும் என்று கேட்டு எழுதினாள். முதலில் முடிகிறவருக்கு முதல் வண்டி. இது அவள் பேராசிரியர்கள் சொல்லித் தந்தது இல்லை. தார் சுற்றிய கைக்குத் தெரிந்தது. கிராப் தாளில் இருபத்து நாலு கோடுகளை வண்ணப் பென்சிலால் இழுத்துச் சங்கத்துச் சுவரில் ஒட்டத் தயாராக வைத்தாள். அந்த முறைப்படி முதல் கோடு அவள் அப்பாவுடையது. புரட்டாசி மூன்றாம் தேதி அவர் பாவு முடிகிறது.

ஒட்டுவதற்கு முதல் நாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். எதிர்வீட்டுப் பஞ்சாட்சரம் பல் விளக்கிக்கொண்டு நின்றார். அவரும் நெசவாளர். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னாம்மா மங்கை, மொத வண்டி யார் வூட்டு வாசல்ல நிக்கும்னு நான் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சித்தப்பா."

"கைலாசம் வூட்டு வாசல்ல. பொண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வெச்சது பின்ன எதுக்கு?"

குழாயடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பகைச் சிரிப்பு இல்லை. மங்கையும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கிராப் தாளை விரித்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழிப்பானை எடுத்து முதல் கோட்டை அழித்தாள். அதை அடியில், இருபத்து நாலாவதாக, போட்டாள். ஐப்பசி எட்டாம் தேதி, கெடுவுக்கு ஒரு வாரம் முன்.

கைலாசம் சங்கத்துச் சுவரில் அதைப் பார்த்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தார். சொன்ன தேதியில் பாவு முடிந்தது, அறுத்தார். காலித் தறியின் முன் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தார். அச்சைத் துடைத்தார். குறுக்கிழையை ஓட்டும் நாடாவுக்கு எண்ணெய் போட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலத் தெருவுக்கும் பின்கட்டுக்கும் நடந்தார். ஆறாம் நாள் மகளிடம் வந்தார்.

"மங்கை, சங்கத்துல ஒரு பாவு இருக்குதாம். ரெண்டு கூறைப்புடவை. தென்னேரில ஒரு பொண்ணுக்கு ஒண்ணு, இன்னொண்ணு கடைக்கி. சபாபதி வாங்கிக்கிறியான்னு கேக்கறாரு. தறியில பிணைச்சிக்கட்டுமா?"

மங்கை விரல் விட்டு எண்ணினாள். அமாவாசைக்குத் தறி ஓடாது. ஆயுத பூசைக்கும் மறுநாளும் ஓடாது. எல்லாவற்றையும் கழித்தும் ஐப்பசி மூன்றாம் தேதி முடிந்துவிடும். வண்டிக்கு முன் ஐந்து நாள் மிச்சம்.

"பிணைச்சிக்கோப்பா. சரியா இருக்கும்."

"மழைக்காத்து வந்துச்சின்னா நூலு சொன்ன பேச்சு கேக்காதும்மா."

"அதான் அஞ்சி நாளு இருக்குதே."

அவர் பாவு வாங்கச் சங்கத்துக்குப் போனார். மகள் எழுதிய தாளில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அதைவிட, கை சும்மா இருப்பது அவரால் முடியாத காரியம்.

மற்ற தறிகள் ஒவ்வொன்றாகப் போயின. மாட்டுவண்டியில் கட்டைகள், அதன் மேல் விழுதும் அச்சும் துணியில் சுற்றி, பின்னால் வீட்டுக்காரர் கையில் குத்துவிளக்கோடு. பஞ்சாட்சரத்தின் தறி ஒன்பதாவதாகப் போயிற்று. கூடத்தில் அவர் குழியில் இறங்கி மிதித்துப் பார்த்து, "கால் நனையாம ஐப்பசில நெய்யப் போறேன்பா" என்று எல்லோரிடமும் சொன்னார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. சபாபதி சங்கத்துக்கு வருகிறவர்களையெல்லாம் சுவருக்கு அழைத்துப் போய் அந்தத் தாளைக் காட்டினார்.

ஐப்பசி பிறந்ததும் வானம் மூடிக்கொண்டது. பெரிய மழை இல்லை. ஈரம்தான். பட்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கைலாசம் ஒரு முழம் நெய்கிற நேரத்தில் அரை முழம் நெய்தார். அறுந்த இழையை முடிந்து முடிந்து அவர் கண் சிவந்தது. அமாவாசையைக் கழித்த மங்கை ஈரத்தைக் கழிக்கவில்லை. மூன்றாம் தேதி முடிய வேண்டிய பாவு, எட்டாம் தேதி காலையில் வண்டி வாசலில் வந்து நின்றபோதும் முடியவில்லை. தறியில் இருந்தது தென்னேரிப் பெண்ணின் புடவை. முந்தியில் இரண்டு முழம் பாக்கி.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் தெருமுனைக்கு வந்துவிட்டது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று நின்றான்.

"அறுத்துடுப்பா" என்றாள் மங்கை.

கைலாசம் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கூறைப்புடவைம்மா. ஒரு பொண்ணு கட்டிக்கினு மணையில உக்காரப் போறது. முந்தி இல்லாம அறுக்கவா?"

"தண்ணி வருதுப்பா."

"ரெண்டு முழம்தான். நாளைக்கிச் சாயங்காலம் நானே அறுத்துக் குடுக்கறேன். வண்டிய நாளைக்கி வரச் சொல்லு."

அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு அவள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சபாபதியைக் கூட்டிவந்து நிறுத்தியிருப்பாள். ஆனால் அப்பாவின் கை அந்தப் புடவை மேல் இருந்தது. அவரைக் கடைசிக்குத் தள்ளியது அவள்தான். வண்டியைத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முந்தியில் ஒரு முழம் பாக்கி இருக்கும்போது கால்வாய்க் கரை உடைந்தது. குழிக்குள் முழங்காலுக்குத் தண்ணீர் வந்த பிறகும் கைலாசம் இரண்டு தடவை நாடாவை ஓட்டினார் என்று தில்லையம்மாள் பிற்பாடு சொல்லி அழுவாள். அவள்தான் தோளைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் பின்கட்டு மண்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் வடிந்தபின் தோண்டிப் பார்த்தார்கள். தறி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. புடவையின் அரக்குச் சாயம் சேற்றில் இறங்கியிருந்தது. கைலாசம் அதைக் கையில் எடுத்து, ஜரிகையில் ஒட்டிய மண்ணை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு மடித்து வைத்தார்.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதிக்கு முன்னால் சபாபதி மங்கையைச் சங்கத்துக்கு வரச் சொன்னார்.

"அறிக்கையில இருபத்து நாலுன்னு எழுதிடு. இருபத்து நாலாவது, கைலாசம். தறி பழுதுல இருக்குது, வருதுன்னு நான் அதிகாரிகிட்ட சொல்லிக்கறேன். தை மாசத்துக்குள்ள ஒரு பழைய தறி தேடிப் போட்டுடலாம். யாருக்கு நஷ்டம்?"

மங்கை சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். இருபத்து மூன்று கோடுகளுக்கு எதிரே அவள் சிவப்பு மையில் போட்ட குறிகள். பஞ்சாட்சரத்தின் பேச்சுக்குக் குழாயடியில் எழுந்த சிரிப்பு அவள் காதில் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்குத் தறி அழிந்தது தெரியும். வேறு ஒருவனுக்கு இல்லாத சலுகை தன் வீட்டுக்கு ஏன் என்று யாராவது கேட்பார்கள். அப்பாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்து மூன்று என்றே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

இருபத்து நாலாவது குழி அடுத்த தெருத் துரைக்கண்ணுவுக்குப் போயிற்று. இரண்டு கைக்குழந்தைகளோடு ஒழுகும் ஓட்டுக்குக் கீழே தறி வைத்திருந்தவர். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

விஷயம் தெரிந்து பஞ்சாட்சரம் வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் சும்மா சொன்னேன்மா. தண்ணி புடிக்கிற எடத்துல ஆயிரம் பேசுவோம். அதப் போயி..."

"நீங்க ஒண்ணும் பண்ணல சித்தப்பா" என்றாள் மங்கை. அது உண்மை. அவருக்கு அது ஆறுதலாக இல்லை.

மார்கழியில் சென்னையில் வாய்மொழித் தேர்வு. மூன்று பேராசிரியர்கள். அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பாவு முடியும் தேதியை வைத்து வரிசை போட்டதை மூத்தவர் மிகவும் பாராட்டினார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டவணையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கே ஒன்று பொருந்தவில்லையே. இந்தத் தறியில்தான் பாவு முதலில் முடிந்திருக்கிறது. அதை ஏன் கடைசியில் போட்டீர்கள்?"

"அது எங்க அப்பாவோட தறி சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மற்ற இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். "சொந்தம் என்று பார்க்காமல் செய்திருக்கிறார். பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது வேண்டும்" என்றார். அவளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. அந்த மதிப்பெண் எதற்கு என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தேர்வு முடிந்து ஊருக்கு வந்த அன்று வீட்டில் அப்பா இல்லை. தறிக்கூடத்துக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். கைலாசம் அப்போது பிணைக்கிற வேலை செய்துகொண்டிருந்தார். ஒருவர் தறியில் பழைய பாவு முடிந்ததும் அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். நெய்கிறவர்கள் அதற்கு ஆள் கூப்பிடுவார்கள். இருபத்து நாலு தறி இருப்பதால் தினமும் யாராவது கூப்பிட்டார்கள்.

மங்கை கூடத்துக்குப் போனபோது அவர் துரைக்கண்ணுவின் தறிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல். விரல் வழுக்காமல் இருக்க அதைத் தொட்டுத் தொட்டு இழைகளை முறுக்கினார். கால்கள் குழிக்கு வெளியே மடிந்திருந்தன. பிணைக்கிறவர் குழியில் இறங்க வேண்டியதில்லை.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"பாஸாயிட்டியாமா?"

"ஆயிட்டேன்பா."

"என்னா கேட்டாங்க?"

அவள் குழியைப் பார்த்தாள். செங்கல் காய்ந்து சுத்தமாக இருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

"வேலையப் பத்திதான்பா கேட்டாங்க."

"நல்லா சொல்லியிருப்ப" என்றார் கைலாசம். அடுத்த இழையை எடுத்தவர் விரல் நின்றது. விட்ட இடம் தவறிவிட்டது. எந்த இழை வரை முறுக்கினோம் என்று முதலிலிருந்து தேட ஆரம்பித்தார். மங்கை பக்கத்தில் உட்கார்ந்து, சிறு வயதில் செய்ததுபோல, இழைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.