கொடிக்காலுக்குள் தேடினேன்

கல்யாணமான புதிதில் என் கணவர் மூன்று வாரம் தூங்காமல் பாடிக்கொண்டே எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தார். பிறகு பேச்சே நின்றுவிட்டது. மதியச் சோற்றைத் தொடாமல் கொடிக்காலுக்குள் போய்விடுவார். அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்றே நம்பினேன். அவர் துண்டைக்கூட மோந்து பார்த்தேன்.

ஒருநாள் பின்னாலேயே போனேன். வாய்க்கால் கரையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“ஏனுங்க, யாருக்குக் காத்திருக்கறீங்க?” என்றேன்.

“ஒருத்தருமில்லே அம்மிணி. ஊட்டுக்கு வரோணும்னுதான் நெனைக்கறேன். எந்திரிக்க முடியலே. ஏன்னே தெரியலே.”

அப்போதும் நம்பாமல் கொடிக்கால் முழுக்கத் தேடினேன். யாரும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

அந்தப் பாட்டும் அழுகையும் ஒரே நோய்தான் என்று சேலத்து டாக்டர் ஒருவர் பின்னால் சொன்னார். என் கணவர் அழும்போது நான் நிம்மதியடைந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.