லாச்சப்பலை உடைத்த சனிக்கிழமை

அவர் இறந்த செய்தி எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. அவர் இறந்தபோது ஜப்பானில் சனிக்கிழமை பிறந்துவிட்டிருந்தது. இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இதை வைத்துப் பின்னர் ஒரு சண்டை வந்தது.

அவர் ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களில் தந்திரக் காட்சிகளை இயக்கியவர். கடலிலிருந்து எழும் மிருகம் ஊருக்குள் நடந்து வரும்போது, அந்த ஊரை யாராவது இடுப்பளவு உயரத்தில் கட்டிவைக்க வேண்டும். எந்தச் சுவர் முதலில் சரிய வேண்டும், எந்தக் கூரை கடைசிவரை நிற்க வேண்டும் என்று ஒருவர் யோசிக்க வேண்டும். அந்த ஒருவர் அவர். சுவரொட்டியில் அவர் பெயர் வராது. நான் வாசித்த சினிமா வரலாறுகள் பலவற்றில் அவருக்கு ஒரு அடிக்குறிப்புக்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அவர்தான் கதாநாயகன்.

மூன்று பேரில் முதலாமவர் அண்ணை. பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஓர் உணவகத்தில் சமையல்காரர், புறநகரான கார்ஜ் லே கொனெஸ்ஸில் வீடு. உணவகம் திங்கட்கிழமை பூட்டு. அந்த நாளில் அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் திரையரங்குக்குப் போய், பழைய மிருகப் படங்களைத் தனியாகப் பார்ப்பார். நானும் அப்படியே. ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அண்ணையின் ஜாக்கெட்டில் வெங்காயம் தாளித்த வாசம் அடித்தது. "ஊரிலை எந்த இடம்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். மூன்றாவது ஆள் கோயம்புத்தூர்ப் பெண், இங்கே ஆராய்ச்சி செய்ய வந்தவள். படத்தில் இரண்டாவது கோபுரம் ஏன் அவ்வளவு மெதுவாக விழுந்தது என்று நாங்கள் இருவரும் வாசலில் வாதாடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வேகமா எடுத்து மெதுவா ஓட்டுறாங்கண்ணா. சின்னப் பொருள் சடக்குன்னு விழுந்துரும். மெதுவா விழுந்தாத்தான் கண்ணுக்குப் பெருசாத் தெரியும்."

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் மூன்று இருக்கை.

அண்ணை ஒரு நகரம் கட்டிக்கொண்டிருந்தார். உணவகத்தின் காவ்வில், அதாவது நிலத்தடி அறையில், அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவே ஒரு பெரிய பலகையில் லாச்சப்பல் நின்றது. தூண்களின் மேல் ஓடும் மெத்ரோப் பாலம் தென்னை ஈர்க்காலும் அட்டையாலும் ஆனது. அதன் கீழே புடவைக்கடை, நகைக்கடை, மீன்கடை, தொலைபேசிக்கடை. சுவர்களும் கூரைகளும் அப்பளம். பச்சை அப்பளத்தைத் தோசைக்கல்லில் போட்டுத் தட்டையான மூடியால் அமர்த்திச் சுட்டால், அது நெளியாமல் கண்ணாடிபோல வரும். அதைச் சதுரமாக வெட்டி அட்டைச் சட்டத்தில் செருகுவார். ஜிப்சத்தில் ஒரு சுவர் செய்து பார்த்தார், கட்டியாக உடைந்தது. பிஸ்கட் மாவாக உதிர்ந்தது. அப்பளம்தான் கட்டடம் உடைவதுபோல உடையும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பூசினால் ஈரமாகிவிடும் என்பதால் நிறத்துக்குப் பொடி தூவுவார். மீன்கடைக்கு மஞ்சள், நகைக்கடைக்கு மிளகாய்த்தூள். பாரிஸ் கட்டடங்களின் அந்த மங்கிய வெள்ளைக்கு விபூதி.

இரண்டு குளிர்காலமாகக் கட்டியதை அண்ணை உடைத்துப் படம் பிடித்து ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டு ரசிகர்கள் அனுப்பும் படங்களை அந்த ஜப்பானியர் பார்ப்பாராம், எங்கே பிழை என்று ஒரு வரி எழுதுவாராம். பிரெஞ்சு ரசிகர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அண்ணைக்குப் பாராட்டு வேண்டாம். அந்த ஒரு வரி வேண்டும். ஆனால் தெருவில் ஒரு கடை கைமாறினால் இவரும் பெயர்ப்பலகையை மாற்றுவார். "ஏதாவது ஒரு மாதத்து லாச்சப்பல் எண்டு முடிவு செய்யுங்கோ அண்ணை" என்று எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். "இந்தப் பாண் பேக்கரியை மட்டும் மாத்திப்போட்டு உடைப்பம்" என்பார்.

செய்தி வந்த மறுநாள் நானும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் காவ்வுக்கு இறங்கினோம். அண்ணை ஒரு வெங்காய மூட்டையில் உட்கார்ந்து நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி ஆருக்கு உடைக்கிறது?" என்றார். "இது இப்பிடியே இருக்கட்டும்."

"இருக்கேலாது," என்றார் படியில் நின்ற உணவக முதலாளி. "தீபாவளிச் சாமான் வருகுது. எனக்கு காவ் வேணும். உடைக்கிறியோ, வீட்டை கொண்டுபோறியோ?"

அந்தப் பலகை வாசலால் வெளியே போகாது. உள்ளே வைத்துக் கட்டியது. அண்ணை எழுந்து மேலே போய்ப் பருப்பைக் கிளறத் தொடங்கினார்.

எட்டுச் செலவு செய்யலாம் என்ற யோசனை எனக்குத்தான் வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவர் இறந்த எட்டாம் நாளில், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். இந்த மனிதர் என்ன சாப்பிட்டார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்குப் பிடித்ததென்று நிச்சயமாகத் தெரிந்தது, ஊர் இடிவது ஒன்றுதான்.

"அப்ப அதையே படைப்பம்," என்றேன்.

அண்ணையின் கரண்டி நின்றது.

உடனே சண்டை. ஜப்பான் தேதிப்படி எண்ணுவதா, பாரிஸ் தேதிப்படியா? இறந்த இடத்து நாளைத்தான் கொள்ள வேண்டும் என்று நான் சொன்னேன். "அண்ணா, பூமி சுத்துறதுக்கெல்லாம் நீங்க கணக்குப் பாத்தா சனிக்கிழமை மத்தியானம் தவிர வேற நேரம் எனக்குக் கெடையாதுங்க" என்றாள் பெண். ஜப்பான் தேதிப்படியும் சனிக்கிழமையே வந்ததால் இருவரும் வென்றோம். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே உணவகம் பூட்டியிருக்கும் நேரம் என்று முடிவானது.

காவ்வில் மாட்ட ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை வேண்டும் என்று அச்சகத்தில் படத்தைக் கொடுத்தேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட படம். அச்சகக்காரர் வழக்கமான அமைப்பில் போட்டுவிட்டார்: இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் வட்டத்துக்குள் அவர், கீழே "ஜப்பானைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரையும் அழைத்து, சனிக்கிழமை நேரமும் உணவகத்தின் விலாசமும். ஒரு பிரதியை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். மிச்சத்தை, எந்தச் சாவுக்கும் செய்வதுபோல, அவர் தெருவெல்லாம் ஒட்டுவித்தது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை முதலில் வந்தவர் வில்லியே லே பெல்லிலிருந்து ஓர் அன்ரி. பேருந்தும் ரயிலும் மாறி, ஒரு பெரிய தூக்குச்சட்டியோடு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், முகத்தைத் தொங்கவிட்டபடி.

அன்ரி என் கையைப் பிடித்தார். "தம்பி, நீர் ஆர், மகனோ, மருமகனோ?"

"நான்... தெரிஞ்ச ஆள்."

"ஜப்பானிலை தனியக் கிடந்து போயிருக்குது பாவம். எனக்கு முகத்தைப் பாத்த உடனை தெரிஞ்சிட்டுது. எங்கடை காரைநகர் ஆக்களின்ரை முகவெட்டு."

"அன்ரி, அவர் ஜப்பான்காரர்."

"ஓம், ஓம், பிரசாவுரிமை எடுத்திருப்பார். என்ன வேலை?"

கோயம்புத்தூர்ப் பெண் முந்திக்கொண்டாள். "சினிமாவுல பில்டிங் எல்லாம் இடிப்பாருங்க."

அன்ரி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் அப்போது பழைய பஞ்சு மெத்தையை வெட்டித் தைத்த உடம்புக்குள் கழுத்துவரை இருந்தாள். பின்னால் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாய் வாலாகத் தொங்கியது. மிருகத்தின் தலை கக்கத்தில் இருந்தது.

"இது என்ன பிள்ளை, இந்தியாவிலை செத்த வீட்டுக்கு இப்பிடியே உடுக்கிறது?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. இனி மறைக்க வழியில்லை. எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, உள்ளதைச் சொன்னேன். யாராவது கோபித்துக்கொண்டு எழும்புவார்கள் என்று நினைத்தேன்.

அன்ரி தூக்குச்சட்டியை மேசையில் வைத்தார். "வந்தது வந்திட்டம். செத்தது செத்ததுதானே. எங்கை அந்த ஊர்? காட்டுங்கோ பாப்பம்."

எல்லோரும் காவ்வுக்கு இறங்கினார்கள். படியிலேயே சத்தம் தொடங்கிவிட்டது. ஒருவர் தன் தொலைபேசிக்கடையைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் தான் இறங்கும் மெத்ரோ வாசலைத் தொட்டுப் பார்த்தார். முதலாளி தேடித் தேடி, "என்ரை கடை எங்கை?" என்றார்.

"பாலத்துக்கு மற்றப் பக்கம். பலகையிலை இடம் காணேல்லை," என்றார் அண்ணை.

"எல்லாற்றை கடையும் உடையுது, என்ரை மட்டும் உடையாதோ? சம்பளம் தாறவன்ரை கடை!"

அண்ணை சிரித்தபடி ஒரு சுவரைச் சுண்டினார். 'டக்' என்று வர வேண்டிய சத்தம் வரவில்லை. சுவர் வளைந்து, மெல்லத் திரும்பி நின்றது. புடவைக்கடைக் கூரையைத் தொட்டார். துணிபோலத் தொங்கியது. மேலே கொதித்த தேநீர், கீழே நின்ற அத்தனை பேரின் மூச்சு, ஈரமான குளிரங்கிகள். ஜன்னலில்லாத அறையில் நகரம் முழுவதும் இளகிவிட்டிருந்தது.

"சரி," என்றார் அண்ணை. ஆறுதல்போல ஒன்று அவர் குரலில் இருந்தது. "அதுக்கும் உடைய விருப்பமில்லை. விடுவம்."

"என்ன விடுறது?" அன்ரி குளிரங்கியைக் கழற்றினார். "அப்பளம்தானே இளகினது? புதுசாச் சுட்டால் போச்சு. தம்பி, அடுப்பை மூட்டும்."

"அன்ரி, இது நாங்கள் பொரிக்கிற மாதிரி இல்லை. தட்டையா வரவேணும். அமர்த்திப் பிடிக்கவேணும்."

"என்ரை கலியாணத்துக்கு முதலே நான் அப்பளம் சுட்டனான். நீர் சும்மா காட்டும்."

அண்ணை காட்டினார். காட்டாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. மூன்று அடுப்பில் மூன்று கல் ஏறியது. முதல் ஈடு கருகியது. இரண்டாவதை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது நகைக்கடை," என்றார். அதற்குப் பிறகு சமையலறை ஒரு கட்டடத் தொழிற்சாலையாகியது. அன்ரி சுட, ஒருவர் வெட்ட, மற்றவர்கள் தட்டில் ஏந்திப் படியிறங்க, அண்ணை சட்டத்தில் செருகிக்கொண்டே போனார். முதலாளி தன் கடைக்கான சுவர்களைத் தானே சுட்டு, பலகையின் விளிம்பில் இடம் நெருக்கிச் செருகவைத்து, கூரையில் கறிவேப்பிலையால் ஒரு பெயர்ப்பலகையும் ஒட்டினார். "தேநீரை ஒருத்தரும் கீழை கொண்டுவரப்படாது!" என்று வாசலில் நின்று காவல் காத்தது நான்.

விபூதி தூவி முடிந்ததும் நாங்கள் எல்லோரும் படிகளில் ஏறி நின்றோம். இரண்டு தொலைபேசிகளைத் தரை மட்டத்தில், தெருவில் நிற்கும் மனிதனின் கண் உயரத்தில் வைத்தோம். பெண் தலையை மாட்டிக்கொண்டாள். "அண்ணா, உள்ள வேகுது. சீக்கிரம்."

ஒரு தடவைதான். பிழை நேர்ந்தால் திரும்ப எடுக்க நகரம் இல்லை. எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அவர் குனிந்து மீன்கடை வாசலில் ஒரு ஈர்க்கை நேராக்கினார். பிறகு அதிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். மெத்தைக்குள்ளிருந்து மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சுவர்கள் இளகுவதற்கு அதிக நேரம் எடுக்காது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் இப்போது தெரியும். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அவர் கையை எடுத்தார். பின்னால் வந்து படியில் நின்றார்.

"உடை பிள்ளை," என்றார்.

மிருகம் பாலத்தின் ஊடாக நடந்தது. ஈர்க்குகள் படபடவென்று முறிந்தன. வால் ஒரு பக்கம் வீசி நகைக்கடையையும் புடவைக்கடையையும் ஒன்றாக வாரியது. முதலாளியின் கடைமேல் கால் வைத்தபோது அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். பொடி எழும்பிக் காவ்வை நிரப்பியது. மிளகாய்த்தூளில் எல்லோரும் தும்மினோம். எங்கள் தலையிலும் தோளிலும் விபூதி இறங்கியது. அன்ரி ஒரு விரலால் தன் தோளிலிருந்து கொஞ்சம் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, பக்கத்தில் நின்ற அண்ணைக்கும் பூசிவிட்டார். அண்ணையின் கண்களில் நீர் ஓடியது. மிளகாய்த்தூள்தான் காரணம் என்று நான் எழுதிவைக்கப் போவதில்லை, இல்லையென்றும் எழுதப் போவதில்லை.

மேலே உணவகத்துத் தொலைக்காட்சியில், வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது இப்போது பெரும் பாரத்தோடு நடந்தது. சுவர்கள் தயங்கித் தயங்கிச் சரிந்தன. புகை மலைபோல எழுந்தது. நாங்கள் தினமும் நடக்கும் தெரு, உண்மையாகவே, பயங்கரமாக, அழகாக விழுந்தது. அன்ரியின் தூக்குச்சட்டியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கைமாறிக்கொண்டிருந்தன. உடைந்த புடவைக்கடையை யாரோ கடித்துச் சாப்பிட்டார்.

"பாலம் கெதியா, ஒரு நொடியிலை விழுந்திட்டுது," என்றார் அன்ரி வாயில் சோற்றோடு. "ரயில் ஒண்டு வந்து விழுந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்."

"என்ரை கடைக் கூரை விழேக்கை வால் மறைச்சுப்போட்டுது," என்றார் முதலாளி.

"நான் எடதுபக்கம் திரும்பியிருக்கணும்ங்க," என்றாள் பெண், வேர்வையில் நனைந்த முடியை ஒதுக்கியபடி.

தொலைபேசிக்கடைக்காரருக்கு, தன் சுவர் நேராக விழாமல் சாய்ந்து விழுந்தது குறை. அண்ணை ஒவ்வொருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் தன் பிழைகளைக் கேட்டதை நான் எங்கும் வாசித்ததில்லை. பிறகு தொலைக்காட்சிக்கு மிகக் கிட்டப் போய் நின்று, வலது மூலையில் விரலை வைத்தார்.

"இந்தச் சுவரிலை பின்பக்கம் ஒரு கீறல் போட்டிருக்கவேணும். அது என்ரை பிழை." சற்று யோசித்தார். "அடுத்த தரம் கார் து நோர் ஸ்டேஷன் செய்யேக்கை போடுறன்."

"என்ன, கார் து நோரோ?" முதலாளி எழும்பிவிட்டார். "காவ் தரமாட்டன், சொல்லிப்போட்டன்!"

"தீபாவளி முடியட்டும்," என்றார் அண்ணை. "நீங்கள் அப்பளம் நல்லாச் சுடுறியள் முதலாளி. கூரை பெரிசு, நிறையத் தேவைப்படும்."