மூன்றாவது குலவை

காட்டில் ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுப்பவை மொத்தம் பதினொன்று என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். புகை, வெளிச்சம், வெள்ளைத் துணி, பளபளக்கும் பாத்திரம், போன் மணி, இருமல், கொசுவத்தி வாசம், தாளித்த வாசம், ஈர மண்ணில் செருப்புத் தடம், ஓரமாக நிறுத்திய வண்டி, ஆளைக் கண்டால் கத்தித் தீர்க்கும் ஆள்காட்டிக் குருவி. வாய்க்கால் தண்ணீரை அளந்து எழுதும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒன்றை எண்ணாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. பதினொன்றுக்கும் வழி செய்து வைத்தேன். பன்னிரண்டாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. வெறும் கரகரப்பு என்று கஷாயம் குடித்துப் பார்த்தோம். பிறகு தேனிக்குப் போனோம். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை டாக்டர் ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார். குரல்வளையை எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், மூச்சு அது வழியாகப் போய் வரும். உயிருக்குப் பயமில்லை, பேச்சு இருக்காது. அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். இருந்தாலும் பேருந்தில் திரும்பும்போது ஆண்டிபட்டிக் கணவாய் வரும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள்ளேயே பழகுகிறாளோ என்று எனக்குப் பதறியது.

கணவாய் தாண்டிப் பச்சை தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"குலசாமிக்கு ஒரு பொங்கல் வைக்கணும்ங்க. ஆபரேசனுக்கு முன்னாடி."

"சிவராத்திரிக்குத்தானே காட்டுக்குள்ள விடுவாங்க. மாசிக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு. குணமாகி வந்து வைப்போம்."

"வந்து? சைகையில கும்பிட்டா சாமிக்கு வெளங்குமா?"

மடியில் இருந்த ஆஸ்பத்திரித் தாள்களை எண்ணி மறுபடி பைக்குள் வைத்தேன்.

எங்கள் குலசாமி கம்பத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில், ஓடைக்கரை மருதமரத்தின் கீழே இருக்கிறது. கட்டடம் கிடையாது, மூன்று கற்கள்தான். அந்த இடம் இப்போது காப்புக் காடு. வேண்டுதலோடு போகிறவர்கள் முதல் நாள் பொழுது அடைவதற்குள் போய்ச் சாமி காலடியில் படுத்து, மறுநாள் வெயில் கல்லில் விழும்போது பொங்கல் வைக்க வேண்டும் என்பது எங்கள் முறை. வனத்துறை சிவராத்திரிக்கு மட்டும், அதுவும் பகலில் மட்டும், உள்ளே விடுகிறது. அனுமதி கேட்டு மனு கொடுத்தோம். பதில் வருவதற்குள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

என் மனைவியின் தம்பிக்கு அடிவாரத்தில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துப் பந்தலைத் தாங்கும் கடைசிக் கல்காலைத் தாண்டினால் காடு. "திருட்டுத்தனமாப் போயிருவோம் மச்சான்" என்று அவன்தான் சொன்னான். சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. கவலைப்படும் வேலை என்னுடையதாயிற்று.

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்த சமயம். ஈர விறகு புகையும் என்பதால் தேங்காய்ச் சிரட்டைகளைச் சேர்த்தேன். கொல்லையில் எரித்துப் பார்த்து, நன்றாகக் காய்ந்த சிரட்டைதான் குறைவாகப் புகைகிறது என்று தெரிந்துகொண்டேன். நாற்பது சிரட்டை. என் வெள்ளை வேட்டியை விட்டுவிட்டுக் காக்கிக் கால்சட்டை போட்டேன். வெண்கலப் பானையைச் சாக்கில் சுற்றினேன். மச்சினனின் நீலத் தார்ப்பாய் வேண்டாம் என்று சொல்லிப் பழுப்புச் சாக்குகளைத் தைத்துக் கூரைக்கு வைத்தேன். வண்டியைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் விடச் சொன்னேன். இருமல் வந்தால் வாயை மூட அவளுக்கு ஒரு துண்டு, ஒதுக்கிக்கொள்ளப் பனங்கற்கண்டு. மூன்று போனையும் நானே வாங்கி அணைத்தேன்.

"ஒங்க கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு ஏற்பாடு பண்ணல நீங்க" என்றான் மச்சினன்.

"யானை வந்தா என்னடா மாப்ளே பண்றது?"

"எண்ணிச் சொல்லுங்க. எத்தனைன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன ஓடலாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு ஓசையில்லாமல் காற்றாகத்தான் வந்தது.

மாலையில் ஓடை வழியாகத் தண்ணீருக்குள்ளேயே நடந்தோம். தடம் பதியக் கூடாது என்று நான் சொன்ன யோசனை அது. பாதி வழியில் அவளுக்கு மூச்சு முட்டியது. மச்சினன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். "சின்னதுல என்னையத் தூக்கிட்டுத் திரிஞ்சதுக்கு வட்டி கட்டுறேன்க்கா" என்றான். அறுபது வயதாகிறது அவனுக்கு. பின்னால் வந்த எனக்கு அவனுடைய கெண்டைக்கால் நடுங்குவது தெரிந்தது. நான் பானையைச் சுமந்துகொண்டு, ஆள்காட்டிக் குருவி எங்கே கத்திவிடுமோ என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். கத்தவில்லை.

மருதமரத்துக்குப் பின்னால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சாக்கைக் கட்டினோம். கட்டிவிட்டு நான் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இடம் மாறி நின்று மூன்று தடவை பார்த்தேன். அங்கே மூன்று உயிர் ஒண்டியிருப்பதாக யாரும் சொல்ல முடியாது. எனக்குப் பெருமையாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். இருட்டு விழுவதற்குள் புளிச்சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டோம். அவள் கற்கள் பக்கம் தலையை வைத்துப் படுத்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் காது கொடுக்கவில்லை. அது எனக்குச் சொன்னது அல்ல.

விடிந்தபோது ஓடையில் பனி நின்றது. அவள் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, மூன்று கற்களுக்கும் மஞ்சள் பூசினாள். அடுப்புக் கூட்டிச் சிரட்டையைப் பற்றவைத்தோம். புகை இடுப்பளவு எழும்பிக் கரைந்துபோனது. தண்ணீரும் பாலும் ஊற்றியாயிற்று. வெயில் மரத்தின் நுனியிலிருந்து இறங்கிக் கல்லைத் தொட்டது. இன்னும் கொஞ்ச நேரம், அரிசி வெந்தால் படைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நான் மனத்துக்குள் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

பால் நுரைத்துப் பானையின் கழுத்துக்கு வந்தது. கிழக்குப் பக்கம் வழிந்தது.

அவள் குலவை போட்டாள்.

போட வேண்டும் என்று நினைத்துப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பால் பொங்கியது, நாக்கு எழுந்தது. எங்கள் பெண்களுக்கு அது ஒரு சத்தமே அல்ல. பொங்கலில் அதுவும் ஒரு பகுதி, வெல்லம் போல. அதனால்தான் பதினொன்றையும் எண்ணிய எனக்கு அது கணக்கில் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை, அவள் தம்பிக்கும் வரவில்லை. மாதக்கணக்காகக் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முதல் குலவை நடுவில் உடைந்து பிசிறியது. இரண்டாவது, எங்கள் சொந்தத்தில் எல்லாரும் அறிந்த அவளுடைய பழைய குலவை. சுத்தமாக, நீளமாக எழுந்து, எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

குலவை மூன்று போட வேண்டும். அவள் மூச்சை இழுத்தாள்.

"யார்ரா அது அங்கன?"

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. இழுத்த மூச்சு அவளுக்கு இருமலாக மாறியது. துண்டை வாயில் வைத்து மூடினாள். இனி மூடி என்ன ஆகப்போகிறது.

வனத்துறை வாட்சர் ஒருவர் கம்போடு தண்ணீரைத் தாண்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கம்பைத் தாழ்த்தினார்.

"பெரியவரே, வயசென்ன ஆகுது ஒங்களுக்கு? யானை எறங்குற தடத்துல வந்து படுத்துக் கெடந்திருக்கீக! நேத்துச் சாயங்காலம் இந்தப் பக்கம் ரெண்டு சுத்து வந்தேன். ஒரு பொட்டுக்கூடத் தெரியலையே!"

"எல்லாம் எங்க மச்சான் ஏற்பாடு. இவுகள ஒங்க டிப்பார்ட்மெண்ட்ல சேத்துக்கிருங்க" என்றான் மச்சினன்.

வாட்சர் சிரிக்கவில்லை. நான் கையைக் கூப்பியபடி, அவளுக்கு என்ன நோய், ஆபரேஷன் எப்போது, அதற்குப் பிறகு என்ன இருக்காது என்பதை வரிசையாகச் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தார், மஞ்சள் பூசிய கற்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"ஆத்தா, ரெண்டுதான் கேட்டுச்சு. மூணு போடணும்ல? நான்தான் எடையில வந்து கெடுத்துட்டேன். இனி என்னத்த மறைக்க? மிச்சத்தையும் போட்டுருங்க."

அவள் எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். உதட்டைக் குவித்து நாக்கை ஆட்டினாள். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஓசை வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பரவால்ல ஆத்தா. சாமி கணக்கா பாக்கப்போகுது?" என்றார் வாட்சர்.

சாமி பார்க்காமல் இருக்கலாம்.

ரேஞ்சர் ஜீப் வருவதற்குள் நாங்கள் இறங்கியாக வேண்டும் என்றும் சொன்னார். அவசரமாகப் போட்ட அரிசி பாதிதான் வெந்திருந்தது. அங்கே வைத்த பொங்கலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மீதி வைக்கவும் கூடாது. படைத்துவிட்டு, நறநறவென்ற சோற்றை நான், மச்சினன், வாட்சர் மூன்று பேரும் வேகவேகமாகத் தின்றோம். அவளால் விழுங்க முடியவில்லை. வாட்சர் பானையைச் சாய்த்து, அடியில் நின்ற வெல்லத் தண்ணீரை ஒரு இலைத் தொன்னையில் வடித்து அவளிடம் நீட்டினார். அதைக் குடித்தாள். அடுப்பில் நாங்களே தண்ணீர் ஊற்றினோம். அப்போதுதான் முதல் முறையாக உண்மையான புகை எழுந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். கழுத்துத் துளையில் மாட்டிய குழாயை நாளுக்கு மூன்று வேளை சுத்தம் செய்கிறேன். அவளுக்கு ஏதாவது வேண்டுமானால் கைதட்டிக் கூப்பிடுகிறாள். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு என்றால் தண்ணீர். மச்சினன் வந்தால் வீட்டில் சத்தம் இருக்கும். அவன் போனபின் சுவர்க்கடிகாரம் கேட்கும்.

அன்றைக்குக் காட்டில் மூன்று போன் இருந்தன. மூன்றையும் அணைத்து என் பையில் வைத்திருந்தேன். அந்தக் குலவை எதிலும் பதிவாகவில்லை. பழைய கல்யாண வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். கூட்டத்தோடு கூட்டமாகப் பல குலவைகள் இருக்கின்றன. எது அவளுடையது என்று பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

இந்தத் தைப்பொங்கலுக்கு வாசலில் பானை வைத்தோம். இந்த முறை மறைக்க ஒன்றும் இல்லை. எவ்வளவு புகைந்தாலும் கேட்க ஆளில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள். பால் பொங்கியதும் அவர்கள் குலவை போட்டார்கள். எல்லாரும் பானையைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

முதல் குலவைக்கும் இரண்டாவதுக்கும் அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். மூன்றாவது எழுந்தபோது முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்தாள். அதன் பின்னால் அவளுடைய நாக்கு ஆடியது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. அவள் தானாக முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு அரிசியைப் போட்டேன்.