படம் பாலிகஞ்சில், சத்தம் ஹவுராவில்

1. கல்கத்தா டாலிகஞ்சில் நான் வேலை பார்க்கும் ஃபிலிம் லேபுக்கு, பாலிகஞ்ச் வக்கீல் கோஷ் பாபு ஒரு டப்பா கொண்டுவந்தார். முப்பதுகளில் இங்கேயே எடுத்து, பிறகு தொலைந்துபோன தமிழ்ப் படம் ஒன்றில் மிஞ்சிய ஒரே பாட்டு. பிக்சர் நெகட்டிவ் மட்டும், சத்தம் கிடையாது.

2. சில வாரம் கழித்து ஹவுராவிலிருந்து ரயில்வே சேஷாத்ரி சார் வந்தார். அவர் டப்பாவில் அதே பாட்டின் சவுண்ட் நெகட்டிவ், படமில்லாமல் சத்தம் மட்டும்.

3. இரண்டும் உதிரும் நிலை. தனித்தனியே பாசிட்டிவ் எடுத்தோம். இரண்டையும் சேர்த்து ஒரே பிரிண்டாகப் போட இருவருமே சம்மதிக்கவில்லை. சேர்த்தால் அது யாருடையது?

என்னிடம் மட்டும் ரகசியமாக விசாரிப்பார்கள்.

"ஏம்மா, பாடறவ பார்க்க எப்படி இருக்கா?" என்பார் சேஷாத்ரி சார்.

"குரல் எப்படி மா?" என்பார் கோஷ் பாபு.

"அவரையே கேளுங்களேன்."

"கேட்டா அந்த மதராஸி ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

அவர்களிடம் ஆளுக்குப் பாதி இருந்தது. சவுண்ட் படித்த தமிழ்ப் பெண்ணான என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. ஒரு யோசனை சொன்னேன்: அவரவர் ரீலை அவரவரே கொண்டுவாருங்கள், மூவியோலா எடிட்டிங் மெஷினில் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறேன், அவரவர் ரீலோடு வீட்டுக்குப் போங்கள். அடுத்தவர் பாதியைப் பார்க்கும் ஆசையில் இருவரும் வந்தார்கள்.

படமும் சத்தமும் சேர்ந்து தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டும் ஸ்டார்ட் மார்க் இருந்த முனை இரண்டிலுமே போயிருந்தது. பாடுகிறவளின் உதட்டை வைத்துத்தான் சத்தத்தைப் படத்தோடு சிங்க் பிடிக்க வேண்டும். பாட்டில் "அம்மா" என்று வரும் இடத்தில் உதடு மூட வேண்டுமே. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். சட்டென்று அவள் பாடினாள். உள்ளங்கை அளவுத் திரையில் அதை முதலில் பார்த்தவள் நான்.

"என் பாட்டு!" என்றார் சேஷாத்ரி சார்.

"முகம் என்னுது!" என்றார் கோஷ் பாபு.

மறுபடி தேட வேண்டாமே என்று, படித்த பழக்கத்தில், கிரீஸ் பென்சிலால் இரண்டு ரீலிலும் ஸ்டார்ட் மார்க் போட்டேன். அங்கேதான் தவறினேன்.

அடுத்த முறை இருவரும் ஒரே டாக்ஸியில் வந்து இறங்கினார்கள்.

"நீ போய் டீ குடிச்சிட்டு வாம்மா. மார்க்தான் இருக்கே, நாங்களே மாட்டிக்கறோம்" என்றார் சேஷாத்ரி சார்.

"சின்னத் திரை மா, மூணு தலைக்கு இடமில்ல" என்று கதவைச் சாத்தினார் கோஷ் பாபு.

இன்றைய நிலவரம்: படம் பாலிகஞ்சில் இருக்கிறது. சத்தம் ஹவுராவில் இருக்கிறது. சேர்ந்த பிரிண்ட் கிடையாது. அவர்கள் வரும் நாட்களில் நான் வராந்தாவில் இருக்கிறேன். கதவு வழியே "அம்மா" கேட்கும்போது உள்ளே அவள் உதடு மூடியிருக்கும்.